மரக் கிண்ணம் வைத்த பிளானர் ஹெட்ஃபோன்: பத்து நிமிடத்தில் எதைப் பார்ப்பது?

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சென்னையில் இருக்கிறீர்கள், மூக்குக் கண்ணாடி போடுபவர், தினமும் மூன்று நான்கு மணி நேரம் பாட்டு கேட்பவர். உங்கள் முன்னால் இரண்டு பிளானர் ஹெட்ஃபோன்கள் (மெல்லிய படலமும் காந்தப் பட்டைகளும் வைத்த வகை, கீழே விளக்குகிறேன்). ஒன்று, ஒருவர் விற்கும் பழைய ஆடீஸ் எல்சிடி-2, பின்பக்கம் திறந்தது, ரோஸ்வுட் வளையம் வைத்தது. மற்றது புதிய ஹைஃபைமேன் சுந்தரா குளோஸ்டு-பேக், அதாவது பின்பக்கம் மூடியது, பீச் மரக் கிண்ணம். இரண்டையும் பத்து நிமிடம் போட்டுப் பார்க்கலாம் என்கிறார்கள். கட்டுமானத்தையும் சௌகரியத்தையும் எப்படி எடைபோடுவது என்று கேட்டிருந்தீர்கள். அதாவது, நான்கு மணி நேரம் கழித்துத் தலை எப்படி இருக்கும், நான்கு வருடம் கழித்து மரம் எப்படி இருக்கும் என்பதைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்க முடியுமா என்பதே உங்கள் கேள்வி. தலை விஷயத்தைப் பாதி ஊகிக்கலாம். மர விஷயத்தை முக்கால்வாசி ஊகித்துவிடலாம்.

நான் மரக்கடைசல் பட்டறையில் தொழில் பழகியவன். பிறகு ஹெட்ஃபோன் பழுது பார்க்கும் பக்கம் வந்து பல வருடங்கள் ஆகின்றன. ஒலியியல் படித்தவன் அல்ல. ஆகவே மரம், திருகு, தோல், எடை பற்றி நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். சத்தத்தைப் பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் தள்ளி நின்றே கேளுங்கள்.

விமர்சனங்களைப் படித்தால் மரம்தான் இந்த ஹெட்ஃபோன்களின் உயிர் என்று தோன்றும். பழுது மேசையில் பார்க்கும்போது அப்படித் தெரிவதில்லை. மரம் உலோகத்தோடு சேருகிற இடமும், எடை தலையோடு சேருகிற இடமும்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கின்றன. நடுவில் இருக்கிற அழகான பளபளப்பைப் பற்றி எவரும் என்னிடம் புகார் கொண்டுவந்ததில்லை.

எடையிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் இதில் ஒரு தப்பான நம்பிக்கை பரவியிருக்கிறது. மரம் வைத்ததால்தான் கனம் என்று பலர் நினைக்கிறார்கள். பிளானர் என்றால், மெல்லிய பிளாஸ்டிக் படலத்தின் மேல் உலோகத் தடங்களைப் படியவைத்து, அதன் ஒரு பக்கமோ இரு பக்கமோ காந்தப் பட்டைகளை வரிசையாக நிறுத்துவது. அந்தக் காந்தம் நியோடிமியம் வகை. ஒரு கன சென்டிமீட்டர் சுமார் ஏழரை கிராம். பீச் மரம் அதே அளவுக்கு 0.7 கிராம்தான். ரோஸ்வுட் 0.85 பக்கம். அலுமினியமே 2.7. எனவே மரம் எடையைக் குறைக்கிற பொருள். எல்சிடி வரிசையில் மரத்துக்குப் பதில் அலுமினிய வளையம் வைத்த எல்சிடி-எக்ஸ் 612 கிராம் என்பதைப் பார்த்தால் புரியும். பழைய எல்சிடி-2இல் படலத்தின் இரு பக்கமும் காந்தம். மரமே இருந்தும் அது அரைக் கிலோ அளவில் நிற்கிறது. சுந்தரா குளோஸ்டு-பேக் 432 கிராம். ஒப்பிட்டுப் பார்க்க, காந்தச் சுருள் வைத்த சாதாரண வகையான சென்ஹைசர் எச்டி 600 வெறும் 260 கிராம்தான்.

ஆனால் எடையை மட்டும் வைத்துச் சௌகரியத்தைச் சொல்ல முடியாது. உச்சந்தலையில் எவ்வளவு பரப்பில் அந்த எடை பரவுகிறது என்பதுதான் கணக்கு. அரைக் கிலோ என்றால் ஏறக்குறைய 5 நியூட்டன். மேல்பட்டை விறைப்பான வளைவாக இருந்து, தலையில் 10 சதுர சென்டிமீட்டர் மட்டும் தொட்டால், அங்கே அழுத்தம் பாதரச அளவில் 37 மில்லிமீட்டர் வரும். அதே எடை ஒரு தொங்கு பட்டையில், அதாவது வளைவுக்குக் கீழே தொங்கித் தலையில் படியும் பட்டையில், 40 சதுர சென்டிமீட்டருக்குப் பரவினால் 9 மில்லிமீட்டர்தான். தோலின் நுண்குழாய்களில் ரத்த ஓட்டம் குறையத் தொடங்கும் அளவு என்று மருத்துவப் பாடப் புத்தகங்கள் வெகுகாலமாகச் சொல்லும் எண் 32. ஆளுக்கு ஆள் அது மாறும், கிண்ணங்களின் பிடியும் எடையில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும், ஆகவே என் கணக்கைத் துல்லியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் முக்கால் மணி நேரத்தில் உச்சியில் ஒரு புள்ளி மட்டும் எரிவது ஏன் என்பதற்கு இதுவே காரணம். முடி குறைவாக உள்ளவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் தெரியும். யாரும் வெளியில் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

அதனால் கடையில் செய்ய வேண்டிய முதல் காரியம், பாட்டே போடாமல் ஐந்து நிமிடம் மாட்டிக்கொண்டு சும்மா உட்காருவது. கடைக்காரர் விநோதமாகப் பார்ப்பார், பரவாயில்லை. பாட்டு ஓடினால் உடம்பு சொல்வது காதில் விழாது. அந்த ஐந்து நிமிடத்தில் குனிந்து மொபைல் பாருங்கள், நாற்காலியில் சாயுங்கள், தலையை இரண்டு பக்கமும் திருப்புங்கள். குனியும்போது முன்னால் சரிந்தால் பிடி போதவில்லை. அப்போது முழு எடையும் உச்சிக்குப் போகும். சரியாமல் நின்று, ஆனால் காதுக்குக் கீழே தாடை மூட்டில் இறுகினால் பிடி அதிகம். பிறகு வாயை மெல்லுவது போல அசையுங்கள். காது மடல் உள்ளே எதையாவது உரசுகிறதா என்று அப்போதுதான் தெரியும். பேட், அதாவது காதைச் சுற்றி அமரும் மெத்தை, போதுமான ஆழம் இல்லாவிட்டால் மடல் உள்துணியைத் தொடும். பத்து நிமிடத்தில் அது ஒன்றுமில்லை போலிருக்கும், ஒரு மணி நேரத்தில் காது சிவந்துவிடும். பழைய ஹெட்ஃபோனில் பேட் அமுங்கிப்போயிருந்தால் இந்தச் சோதனை ஹெட்ஃபோனைப் பற்றிச் சொல்லாது, அமுங்கிய பேட்டைப் பற்றி மட்டுமே சொல்லும். அதைக் கணக்கில் வையுங்கள்.

கழற்றியதும் முகம் பார்க்கும் கண்ணாடியில் உச்சியையும் காதைச் சுற்றியும் பாருங்கள். சிவந்த தடம் முழு வட்டமாக ஒரே சீராக இருந்தால் நல்லது. கீழே மட்டும் ஆழமாக, மேலே தடமே இல்லை என்றால் கிண்ணம் உங்கள் தலைக்குச் சரியாகச் சாயவில்லை. கிண்ணத்தை மேல்பட்டையோடு சேர்த்துப் பிடிக்கும் கவட்டைக்குக் கவை என்று பெயர். எல்சிடி-2இன் கவை கிண்ணத்தை எல்லாப் பக்கமும் திரும்ப விடும். சுந்தராவின் கவை மேல் கீழ் சாய்வை மட்டும்தான் தரும், பக்கவாட்டில் திரும்பாது. காதுக்குப் பின்னால் எலும்பு உள்வாங்கிய தலை அமைப்பு என்றால் பின்பக்கம் ஒரு இடைவெளி விழும். இது குறை என்று சொல்ல மாட்டேன், உங்கள் தலைக்குப் பொருந்துமா என்பதுதான் விஷயம்.

உங்கள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றாமல்தான் எல்லாம் பார்க்க வேண்டும். கண்ணாடிக் காம்பு பேட்டைத் தூக்கிப் பிடித்து ஒரு சின்ன வழி விடும். பிளானரில் அந்த வழியாக முதலில் வெளியே போவது பேஸ். சோதிப்பது எளிது. தாழ்ந்த சுருதி நீண்டு ஒலிக்கும் ஏதாவது ஒன்றைப் போட்டு, இரண்டு கிண்ணங்களையும் உள்ளங்கையால் மெதுவாக அழுத்துங்கள். பேஸ் திடீரென்று பெருத்தால் கசிவு இருக்கிறது. கொஞ்சம் மாறினால் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டு மடங்கு ஆனது போலக் கேட்டால், நீங்கள் தினமும் கேட்கப்போவது விமர்சகர் கேட்ட ஹெட்ஃபோன் அல்ல. மெல்லிய உலோகக் காம்புள்ள கண்ணாடியில் இது குறையும். மூடிய கிண்ணத்தில் கசிவின் பாதிப்பு பெரும்பாலும் கூடுதலாகத் தெரியும் என்பது என் அனுபவம்.

அழுத்தும்போது உள்ளே பாலித்தீன் கசங்குவது போல ஒரு சத்தம் வரலாம். பயப்பட வேண்டாம். உள்ளே அடைபட்ட காற்று மெல்லிய படலத்தைத் தள்ளும்போது பல பிளானர்களில், முக்கியமாக மூடியவற்றில், இது வரும். ஆனால் பாட்டின் நடுவில் தானாக வந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் வந்தாலோ சந்தேகப்படுங்கள். விளையாட்டாகக் கிண்ணத்தை உள்ளங்கையில் பட்டென்று அறையாதீர்கள். படலம் தலைமுடியை விடப் பல மடங்கு மெலிசு, அந்தக் காற்றழுத்தம் அதை இழுத்துவிடும். பழைய ஹெட்ஃபோனுக்கு இன்னொரு சோதனை: ஒற்றைச் சானல் பாட்டு ஒன்றைப் போடுங்கள். பாடுபவர் குரல் நடு நெற்றியில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் கேபிளை இடம் வலம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். சாய்வும் கூடவே மாறினால் கோளாறு கேபிளிலோ ஆம்பிளிஃபயரிலோ. மாறாமல் அதே பக்கம் நின்றால் ஹெட்ஃபோனில் இருக்கலாம், உங்கள் காதிலும் இருக்கலாம். அதைப் பிரித்தறிய ஹெட்ஃபோனையே திருப்பி மாட்டிக் கேளுங்கள்.

இனி மரம். இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. மரம் வெட்டிய பிறகும் காற்றிலிருந்து ஈரத்தை எடுத்துக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கும். மழைக்காலத்தில் வாசற்கதவு இறுகிக்கொள்வது எதனாலோ அதே காரணம்தான் இங்கேயும். காற்றின் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் மரத்துக்குள் ஈரம் 6 சதவீதம் பக்கம் நிற்கும். 50 என்றால் 9. 65 என்றால் 12. 80 என்றால் 16. நம் கடற்கரையில் மழைக்காலத்துக்கும் நாள் முழுக்க ஏசி ஓடும் அறைக்கும் இடையில் நாலைந்து சதவீதம் ஊசலாடுவது சாதாரணம். மரம் இப்படி அசையும்போது நார் ஓடும் திசையில் நீளம் மாறுவதே இல்லை என்று சொல்லலாம். நாருக்குக் குறுக்கே மாறும், அதிலும் ஆண்டு வளையத்தோடு ஒட்டிய திசையில் ஏறத்தாழ இரண்டு மடங்கு மாறும். எனவே ஒரே பலகையில் கடைந்த வட்டம் காலப்போக்கில் வட்டமாக இருக்காது, முட்டை வடிவத்துக்குப் போகும். எவ்வளவு போகும் என்பது மரத்தைப் பொறுத்தது. பச்சை மரம் முழுக்கக் காயும்போது பீச் அந்த அகலத் திசையில் கிட்டத்தட்ட 12 சதவீதம் சுருங்கும். கறுப்பு வால்நட் 8-க்குக் கொஞ்சம் கீழே. தேக்கு 6-க்குள். இதை ஹெட்ஃபோன் அளவுக்குக் கொண்டுவந்தால், பூச்சே இல்லாத 100 மில்லிமீட்டர் பீச் வட்டம், மரத்து ஈரம் 6 சதவீதம் மாறினால், நாருக்குக் குறுக்கே, ஆண்டு வளையத்தோடு ஒட்டிய திசை என்றால் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல், ஆண்டு வளையத்துக்குக் குறுக்கான திசை என்றால் ஒரு மில்லிமீட்டர் அளவு மாறும். தேக்கில் அதில் பாதிதான். ஹெட்ஃபோன் உள்ளே இருக்கும் உலோகச் சட்டமோ இம்மியும் அசையாது. அசைகிற மரத்தை அசையாத சட்டத்தில் இறுக்கித் திருகினால் சண்டை எங்கே வரும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

நல்ல பூச்சு இந்த அசைவை மெதுவாக்கும், நிறுத்தாது. ஆகவே பூச்சு வெளியே மட்டுமா, உள்பக்கமும் பேட்டுக்கு அடியிலும் இருக்கிறதா என்று பாருங்கள். வெளியே கண்ணாடி போல மெருகு, உள்ளே பூச்சே இல்லாத மரம் என்றால், ஒரு பக்கம் ஈரம் குடிக்கும், மறுபக்கம் குடிக்காது, வளையம் திருகிக்கொள்ளும். பூச்சின் தடிமனைப் பார்த்து ஏமாற வேண்டாம். தடித்த லாக்கர் முதலில் அழகாக இருக்கும், மரம் அசையும்போது அதில்தான் மயிரிழைக் கீறல்கள் விழும். மொபைல் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்த்தால் தெரியும். பூச்சில் மட்டும் உள்ள கீறல் கோணல்மாணலாக ஓடும், நகத்தில் தட்டாது. மரத்தின் வெடிப்பு நார் ஓடும் திசையிலேயே ஓடும், நகம் அதில் சிக்கும். முதலாவது அழகுக் குறை, அவ்வளவுதான். இரண்டாவது இருந்தால் அது எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

வட்டத்தில் நாரின் குறுக்குவெட்டு முகம் தெரியும் இடங்கள் இரண்டு, எதிரெதிரே. ஈரம் அந்த முகத்தின் வழியாகத்தான் வேகமாகப் போய்வரும், வெடிப்பும் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும். மெலிந்த வளையம் என்றால் நார் குறுகிப் போகும் அந்த இடமே உடையவும் தோதானது. கவையின் திருகோ கேபிள் சொருகும் இடமோ சரியாக அங்கே அமைந்திருந்தால் அது யோசிக்காமல் செய்த வேலை. நல்ல பட்டறையில் வளையத்தைத் திருப்பி வைத்து இதைத் தவிர்ப்பார்கள், அல்லது மரத்துக்குள் பித்தளை மரை (திருகு ஏறும் குழல்) பதித்து அதில் திருகு போடுவார்கள். மரத்திலேயே நேராகத் திருகு ஏற்றியிருந்தால் ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் பிடி தளரும். கிண்ணத்தை ஒரு கையாலும் கவையை மறு கையாலும் பிடித்து மெதுவாக அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது, கிறீச் சத்தம் வரக் கூடாது. கேபிள் முனையைச் சொருகி இலேசாகப் பக்கவாட்டில் அசையுங்கள். முனை மட்டும் ஆடினால் சரிசெய்யலாம். அது பதிந்திருக்கும் கட்டையே ஆடினால் விட்டுவிடுங்கள். கடைசியாக 30-40 ஹெர்ட்ஸ் தாழ்ந்த ஒலியை நடுத்தரச் சத்தத்தில் போட்டுக் கேளுங்கள். எங்காவது திருகு தளர்ந்திருந்தால் உறுமலோடு சேர்ந்து ஒரு சலசலப்பு கேட்கும்.

சென்னை ஈரத்தில் மரம் வெடிக்கும் என்று உங்களுக்கு யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். ஏறக்குறைய தலைகீழ். குளிர்நாட்டு வீடுகளுக்காக 6 முதல் 8 சதவீதம் வரை உலர்த்திய மரம் இங்கே வந்தால் உப்பும். திருகு இறுகும், சேர்மானத்தில் பூச்சு மேடு தட்டும். வெடிப்பது காயும்போதுதான். ஈரத்தில் ஊறிய ஹெட்ஃபோனை ஏசிக் காற்று நேராக விழும் மேசையில் மாட்டி வைப்பது, காரில் வெயிலில் விடுவது, டெல்லிக் குளிர்காலத்துக்கோ துபாய் ஏசி அறைக்கோ கொண்டுபோவது, இவைதான் ஆபத்து. பெட்டிக்குள் வைத்து மூடி, சிலிகா ஜெல்லை அள்ளிப் போடுவதும் நல்லதல்ல. ஒரு பொட்டலம் போதும். இங்கே மரத்துக்கு முன்பே போவது பேட்தான். செயற்கைத் தோல் நம் ஈரத்திலும் வியர்வையிலும் சில வருடங்களில் செதில் செதிலாக உதிரும், நிஜத் தோல் பூஞ்சை பிடிக்கும். எல்சிடி-2 பேட் பசையால் ஒட்டியது, உரிக்கப் பொறுமை வேண்டும். மிச்சப் பசையைத் துடைக்க ஆல்கஹாலை வளையத்தில் படவிடாதீர்கள், சில பூச்சுகள் அதில் கரையும். சுந்தரா பேட் பிளாஸ்டிக் வளையத்தில் கொக்கியாக மாட்டுவது, மாற்றுவது சுலபம்.

மரம் சத்தத்தை மாற்றுமா என்பதற்கு வருகிறேன். திறந்த அமைப்பில் மரம் ஒரு சட்டம்தான், பின்பக்கம் காற்று தாராளமாகப் போகிறது. அங்கே மரத்தின் இனம் ஏதோ செய்கிறது என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. மூடிய கிண்ணத்தில் மரம் ஒரு அறையின் சுவர், அதன் வடிவம், கொள்ளளவு, சுவர்த் தடிமன், உள்ளே வைக்கும் பஞ்சு எல்லாம் நிச்சயம் மாற்றும். ஃபாஸ்டெக்ஸ் டி50ஆர்பி என்ற பிளானரைக் கழற்றிக் கிண்ணம் மாற்றி விளையாடியவர்களிடமிருந்துதான் இசட்எம்எஃப் போன்ற நிறுவனங்களே தொடங்கின. ஆனால் வால்நட்டா பீச்சா என்பது மட்டும் எவ்வளவு மாற்றும் என்பதில் எனக்கு உறுதியில்லை. பேட்டை மாற்றினால் வரும் வித்தியாசம் அதைவிடப் பெரிது என்பது மட்டும் உறுதி. ரோஸ்வுட் என்பதும் ஒரு வியாபாரப் பெயர், பல இன மரங்கள் அந்தப் பெயரில் வரும், நம் நீலகிரிப் பக்கத்து ஈட்டி மரம் என்று நினைத்துக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

மரத்தோடு சம்பந்தமில்லாத ஒன்று. இதில் உள்ள காந்தம் வலுவானது. வீட்டில் யாராவது இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருந்தால், இதைக் கழுத்தில் தொங்கவிட்டு அவர்களைக் கட்டிப்பிடிக்கக் கூடாது, அவர்கள் நெஞ்சின் மேல் வைக்கவும் கூடாது. ஹேர்பின், இரும்புத் தூள் இருக்கும் மேசையிலும் வைக்காதீர்கள், உள்ளே போனால் எடுப்பது பெரும்பாடு.

உங்கள் இரண்டில் எது என்றால்: கண்ணாடி, நீண்ட நேரம், சென்னை என்று மூன்றையும் சேர்த்தால் எடை குறைந்ததுதான் என் தேர்வு, கண்ணாடியோடு கசிவு இல்லை என்று நீங்கள் உறுதி செய்துகொண்டால். ஆனால் மூடிய கிண்ணம் வெக்கையாக இருக்கும், மின்விசிறி மட்டும் உள்ள அறை என்றால் ஏப்ரல் மே மாதங்களில் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றுவீர்கள். வீட்டில் சத்தம் குறைவு, வெக்கை தாங்காது என்றால் எல்சிடி-2 பக்கம் போங்கள், கூடவே தொங்கு பட்டை வைத்த மாற்று மேல்பட்டைக்கும் புது பேட்டுக்கும் பணம் ஒதுக்கி, அதை விற்பவர் கேட்கும் விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். அவரிடம் கவைத் திருகு இருக்கும் இடத்தையும் கேபிள் சொருகும் இடத்தையும் டார்ச் வெளிச்சத்தில் நெருக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பூச்சில் கீறல் இருந்தால் வாங்கலாம். திருகிலிருந்து கிளம்பி நார் வழியே ஓடும் வெடிப்பு இருந்தால், பசை போட்டுச் சரிசெய்திருக்கிறேன் என்று அவர் சொன்னாலும் வேண்டாம்.